பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஆயில் டெம்பரேச்சர் சென்சார் மாட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1965 எம்ஜிபி ரோட்ஸ்டர். ஞாயிறு விடிவதற்கு முன்னால் கிளம்பி நந்தி மலைப் பக்கம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் பெங்களூருக்குள் திரும்பிவிடும் நம் கூட்டத்தில், டேஷ்போர்டுக்குக் கீழே நான் ஒரு ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் மாட்டியதைப் பார்த்த நாளிலிருந்து கேள்விகள் நின்றபாடில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு வாட்ஸ்அப்பில் தட்டி விரல் தேய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே. எம்ஜிபியை வைத்துத்தான் பேசுகிறேன். ட்ரையம்ஃப் வைத்திருப்பவர்களுக்கும், மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் புண்ணியவான்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

ஒரு சின்ன விஷயம். சென்சாரை ஆங்கிலத்தில் சொல்வதுபோல 'சென்டர்' (sender) என்று ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்காதீர்கள். நான் "ஆயில் சென்டர் இருக்கா தம்பி" என்று கேட்டதற்கு, கவுன்டர் பையன் உள்ளே போய் ஸ்பிரிங் பட்டைக்குப் போடும் சென்டர் போல்ட்டை எடுத்து வந்து வைத்தான். சென்சார் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

தண்ணீர் டெம்பரேச்சர் மீட்டர்தான் இருக்கிறதே அண்ணா, ஆயிலுக்குத் தனியாக எதற்கு?

தண்ணீருக்கு தெர்மோஸ்டாட் இருக்கிறது, ரேடியேட்டர் இருக்கிறது. அதன் முள் ஒரு இடத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும். ஆயிலுக்கு நம் கார்களில் அப்படி ஒரு காவல்காரன் கிடையாது. எவ்வளவு ஆர்பிஎம்மில், எவ்வளவு நேரம் மிதிக்கிறீர்களோ அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகும். ஹெப்பாள் தாண்டி ஏர்போர்ட் ரோட்டில் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் விரட்டிப் பாருங்கள், தண்ணீர் முள் அசையாது, ஆயில் முள் சத்தமில்லாமல் மேலே போயிருக்கும்.

அதைவிட எனக்கு உபயோகமானது எதிர்ப்பக்கம். ஸ்டார்ட் செய்து ஐந்து, ஏழு நிமிடத்தில் தண்ணீர் சூடாகிவிடும், ஆயில் சூடாக அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். டிசம்பர் காலையில் தண்ணீர் முள் நடுவில் வந்துவிட்டது என்று நம்பி நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு முறுக்குகிறோம். அப்போது சம்ப்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், இருக்கும் ஆயில் 50 டிகிரிகூட எட்டியிருக்காது. 20டபிள்யூ-50 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டி, 100 டிகிரியில் இருப்பதைவிட சுமார் எட்டு மடங்கு. அந்த நிலையில் இன்ஜினை அலற வைப்பது பாவம்.

சரி, எவ்வளவு காட்டினால் நல்லது?

80 முதல் 110 டிகிரி வரை நிம்மதியாக ஓட்டலாம். 120 தொட்டால் காலைக் கொஞ்சம் எடுங்கள். 130 தாண்டி நிற்கிறது என்றால் சாதாரண மினரல் ஆயில் சீக்கிரம் கெட்டுப்போகும். சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆயில் ஆக்ஸிடைஸ் ஆகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய கணக்கு.

எப்போதும் 70-க்குக் கீழேயே இருந்தாலும் நல்லதில்லை. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோல் ஆவியும் வெளியேறாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் படிந்த மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று பயந்து இன்ஜினைப் பிரித்தவர்கள் நம் கூட்டத்திலேயே இரண்டு பேர்.

சென்சாரை எங்கே மாட்டுவது?

எல்லாமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஆயில் எங்கே ஓடிக்கொண்டிருக்கிறதோ அங்கே மாட்ட வேண்டும், மாட்டிய இடம் எந்த ஆயிலின் சூட்டைச் சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது சம்ப். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் ப்ளக்குக்குப் பதில் சென்சார் வைத்த ப்ளக், அல்லது சம்ப்பைக் கழற்றி அதன் பக்கச் சுவரில் ஒரு பாஸ் (மரை போட்ட சின்ன உலோக வளையம்) வைத்து வெல்டிங் செய்து அதில் சென்சார். மொத்த ஆயிலின் சராசரிச் சூடு தெரியும், அதுதான் புத்தகங்களில் சொல்லும் எண்களோடு ஒத்துப்போவது. சென்சாரின் மூக்கு ஆயிலில் முழுகியிருக்க வேண்டும், பாஸை ரொம்ப மேலே வைத்துவிட்டால் காற்றைத்தான் அளக்கும்.

இரண்டாவது, ஆயில் ஃபில்டருக்கும் அது உட்காரும் இடத்துக்கும் நடுவில் மாட்டும் சாண்ட்விச் பிளேட். திருகி மாட்டும் (ஸ்பின்-ஆன்) ஃபில்டர் உள்ள கார்களுக்கு இதுதான் சுலபம், அரை மணி நேர வேலை. ஆனால் என்னுடையது மாதிரி 60-களின் எம்ஜிபியில் தொங்கிக்கொண்டிருக்கும் டப்பாவுக்குள் பேப்பர் எலிமென்ட் போடும் வகை, நடுவில் ஒரு நீளமான போல்ட். அதில் சாதாரண சாண்ட்விச் பிளேட் உட்காராது, ஸ்பின்-ஆன் ஃபில்டருக்கு மாற்றினால்தான் வழி.

மூன்றாவது ஆயில் கூலர் ஹோஸ். கூலர் என்பது ஆயிலை ஆற்றும் சின்ன ரேடியேட்டர். எம்ஜிபியில் பம்ப்பிலிருந்து ஆயில் பிளாக்கின் பின்பக்கமாக வெளியே வந்து, கூலருக்குப் போய், அங்கிருந்து ஃபில்டருக்குப் போகிறது. மொத்த ஓட்டமும் அந்த ஹோஸ் வழியாகத்தான். ஹோஸுக்கும் கூலருக்கும் நடுவில் மாட்டும் அடாப்டர் கிடைக்கிறது, பக்கத்தில் சென்சாருக்கு மரை போட்ட துளையோடு. கூலருக்குப் போகும் பக்கம் மாட்டினால் சம்ப் சூடு தெரியும், திரும்பி வரும் பக்கம் மாட்டினால் பேரிங்குகளுக்குப் போகும் ஆயிலின் சூடு. நான் போகும் பக்கம் மாட்டியிருக்கிறேன். அதிகபட்சச் சூடு தெரிந்தால் போதும் எனக்கு, ஆறிய பிறகு எவ்வளவு என்று தெரிந்து நிம்மதியாகத் தூங்க வேண்டியதில்லை.

பிரஷர் மீட்டருக்குப் போகும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு அதில் மாட்டினால் என்ன? பத்து நிமிட வேலைதானே?

பத்து நிமிட வேலைதான், பலனும் அவ்வளவுதான். அந்தக் குழாய் ஒரு முட்டுச்சந்து. பிரஷர் போய்ச் சேருமே தவிர ஆயில் ஓடாது. குழாயில் நிற்கும் ஆயில் இன்ஜின் பே காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். மீட்டர் 60 காட்டிக்கொண்டு அமைதியாக இருக்கும், உள்ளே 120 ஓடும். தப்பாகக் காட்டும் மீட்டரைவிட மீட்டர் இல்லாமல் இருப்பதே மேல்.

சம்ப் ப்ளக்கில் மாட்டினால் நம்ம ஊர் ஸ்பீட் பிரேக்கரில் அடிபடாதா?

படும். எச்.எஸ்.ஆர். லேஅவுட் உள் ரோடுகளில் சில மேடுகளை வண்டியைக் குறுக்காகத் திருப்பி ஏற்றி இறக்குகிறவன் நான். தொங்கும் ப்ளக்கில் இன்னும் இரண்டு அங்குலம் பித்தளையும் ஒரு வயரும் தொங்கவிட எனக்குத் தைரியமில்லை. பக்கச் சுவரில் பாஸ் வைப்பதாக இருந்தால் சரி. சம்ப்பில்தான் வேண்டும் என்பவர்கள் அந்த வழிக்குப் போங்கள். ஆனால் சம்ப்பைக் கழற்றாமல் அப்படியே துளை போடலாம் என்று யாராவது சொன்னால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், உள்ளே விழும் இரும்புத் தூளை யார் பொறுக்குவது?

எந்த மரை அண்ணா? கடையில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே.

ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து. சென்சார்களில் அதிகம் வருவது மூன்று: எம்10, 1 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி); 1/8 என்பிடி, அங்குலத்துக்கு 27 மரை; 1/8 பிஎஸ்பி, அங்குலத்துக்கு 28 மரை. மூன்றின் விட்டமும் பத்து மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். என்பிடி அமெரிக்க மரை, கூம்பாகக் குறுகும், கோணம் 60 டிகிரி. பிஎஸ்பி பிரிட்டிஷ் மரை, 55 டிகிரி, அதில் கூம்பும் உண்டு நேரானதும் உண்டு. எம்10-இல் பெரும்பாலும் நேர்மரை. ஒன்றை இன்னொன்றில் திருகினால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும். நாமும் "ஆஹா, நல்லா டைட்டாகுது" என்று சந்தோஷப்படுவோம்.

இது என் சொந்த அனுபவம். அடாப்டரில் 1/8 என்பிடி துளை, நான் வாங்கி வைத்திருந்தது எம்10 சென்சார். பார்க்காமல் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கே இருந்தவர் மூன்று சுற்றுக்கு மேல் போகவில்லை என்றதும் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரு அழுத்து அழுத்தினார். அலுமினிய அடாப்டர் வேறு. போய்விட்டது மரை. அன்று ராத்திரி ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் அல்சூர் வீட்டு பேஸ்மென்ட்டில் காருக்கு அடியில் ஒரு தோசைக்கல் அளவுக்கு ஆயில், அதில் பக்கத்து ஃப்ளாட் அம்மாவின் ஸ்கூட்டர் டயர் தடம், லிஃப்ட் வரைக்கும் செருப்புத் தடம். அசோசியேஷன் குரூப்பில் போட்டோவோடு வந்தது. ரம்பத்தூள் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன், பாட்டில் பாட்டிலாக பினாயில் வேறு.

அதனால் ஒரு பிட்ச் கேஜ் வாங்கிவிடுங்கள், சின்ன இலை இலையாக விரியுமே அது. சென்சாரின் மரைமேல் இலையை வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், சரியானது என்றால் இடுக்கில் வெளிச்சம் தெரியாது. 27-க்கும் 28-க்கும் வித்தியாசம் கண்ணுக்குக் கஷ்டம், முடிந்தால் பொருத்தமான ஒரு பித்தளை ஃபிட்டிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். கையாலேயே நாலைந்து சுற்று போகவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடாதீர்கள். பொருந்தவில்லையா, ஒரு மரையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பித்தளை அடாப்டரைக் கொஞ்சம் பெரிய லேத் பட்டறையில், பீன்யா பக்கம் போனால் நிச்சயம், கடைந்து தருவார்கள். சென்சாரைக் கையோடு கொண்டு போங்கள், அளவைப் பேப்பரில் எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

டெஃப்லான் டேப் சுற்றலாமா? சுற்றினால் எர்த், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, போய்விடும் என்கிறார்களே.

கூம்பு மரையில் டேப் சுற்றினாலும் இறுக்கும்போது உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும், எர்த் பெரும்பாலும் போகாது. ஆனாலும் எனக்கு டேப் பிடிக்காது. பிய்ந்த நூல் ஆயில் வழியில் போய் எங்கே அடைக்கும் என்று யார் கண்டது. திரவ சீலன்ட்டை முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு மெல்லியதாகத் தடவுங்கள், போதும். நேர்மரைக்கு இரண்டும் வேண்டாம், செப்பு வாஷரோ டவுட்டி வாஷரோ (உள்விளிம்பில் ரப்பர் ஒட்டிய உலோக வாஷர்) போட வேண்டும். பழைய செப்பு வாஷர் என்றால் கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும்.

எர்த் பற்றி இன்னும் ஒன்று, இதைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். சம்ப்பிலோ பிளாக்கிலோ இருந்தால் சரி. ஹோஸின் நடுவில் இருக்கும் அடாப்டர்? இரண்டு பக்கமும் ரப்பர், அந்தரத்தில் தொங்குகிறது. கூலர் முனையில் மாட்டினாலும் கூலருக்கும் பாடிக்கும் நடுவில் ஐம்பது வருடப் பெயின்ட். தனியாக ஒரு எர்த் வயரை அடாப்டரில் பிடித்து இன்ஜினுக்கோ பாடிக்கோ கொண்டு போங்கள். சூட்டில் சென்சாரின் ரெசிஸ்டன்ஸே சில பத்து ஓம்தான். மோசமான எர்த் பத்து ஓம் கூட்டினால் மீட்டர் ஏறக்குறைய பத்து டிகிரி குறைத்துக் காட்டும். கூட்டிக் காட்டினாலாவது பயந்து நிறுத்துவோம், இது குறைத்துக் காட்டும்.

எந்த மீட்டருக்கும் எந்த சென்சாரும் போடலாமா?

கூடாது. சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும். எந்த டிகிரிக்கு எத்தனை ஓம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே விடிஓ கம்பெனியிலேயே 120 டிகிரி மீட்டருக்கு ஒரு சென்சார், 150 டிகிரி மீட்டருக்கு வேறு. நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐடியா தருவார்கள். ஒரு புள்ளியில் சரியாகும், மற்ற எல்லா இடத்திலும் தப்பாகும். ஜோடியாக வாங்குங்கள். சிவாஜிநகர் குஜ்ரியில் (பழைய சாமான் கடைகளில்) பழைய மீட்டர் தனியாகக் கிடைத்தால் அழகாகத்தான் இருக்கும், எனக்கும் கை துறுதுறுக்கும், அதன் ஜோடி கிடைக்கும் என்று உறுதியாகாமல் வாங்காதீர்கள்.

சென்சாரில் இரண்டு டெர்மினல் இருந்தால் ஜி என்று போட்டிருப்பது மீட்டருக்கு, டபிள்யூ-கே எச்சரிக்கை லைட்டுக்கு.

என் கார் பாசிட்டிவ் எர்த். பிரச்சினையா?

எம்ஜிபியில் 1967 வரை அப்படித்தான், பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பழைய ஸ்மித்ஸ் பைமெட்டல் மீட்டர் என்றால் பிரச்சினையில்லை, உள்ளே ஒரு கம்பி சூடாகி வளைகிறது, அதற்குக் கரன்ட் எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். (அந்த வகைக்கு 12 வோல்ட்டை நேராகக் கொடுக்காதீர்கள், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் தரும் 10 வோல்ட்தான்.) இப்போது வரும் மீட்டர்கள் நெகட்டிவ் எர்த்துக்கு மட்டுமே. ஒன்று காரையே மாற்ற வேண்டும்: பேட்டரி வயர்கள், டைனமோவை மறுபடி போலரைஸ் செய்வது, காயில் வயர்கள், எலக்ட்ரிக் டேக்கோமீட்டரின் உள்வேலை. நான் அதைச் செய்துவிட்டேன். இல்லை என்றால் எர்த்தைத் தொடாத இரண்டு வயர் சென்சார் போட்டு, மீட்டரின் உடம்பும் அதன் பல்ப் ஹோல்டரும் பாடியைத் தொடாமல் மாட்ட வேண்டும். சிரமம், மறந்துபோய் ஒரு ஸ்குரூ தொட்டால் புகைதான்.

இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்றால் கரன்ட்டே இல்லாத கேப்பிலரி மீட்டர் இருக்கிறது, குமிழில் ஈதர், அங்கிருந்து மீட்டர் வரை மெல்லிய குழாய். காருக்குப் பொருத்தமான பழைய முகம். குழாய் ஒருமுறை மடங்கி உடைந்தால் ஈதர் போய்விடும், அதோடு கதை முடிந்தது.

வயரிங்கை நானே செய்யலாமா?

தாராளமாக. லூகாஸ் கலர் கோடு தெரிந்தால் போதும். பச்சை இக்னிஷன் போட்டால் வரும் ஃபியூஸ் உள்ள லைன், மீட்டரின் பிளஸ் அங்கே. கறுப்பு எர்த். சிவப்பில் வெள்ளைக் கோடு டேஷ்போர்டு லைட், மீட்டர் பல்ப் அதில். வெள்ளை ஃபியூஸ் இல்லாத இக்னிஷன், பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், இரண்டையும் தொடாதீர்கள். நாலாவது வயர் சென்சாருக்கு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டு விலக்கி ஸ்லீவ் போட்டு இழுங்கள். முறுக்கி டேப் ஒட்டுவது வேண்டாம், லக் வைத்துக் கிரிம்ப் செய்யுங்கள்.

கூலர் யூனியனைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர். ஒன்று கூலரின் கழுத்தைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒன்றே வைத்துத் திருப்பினால் கழுத்து முறுக்கிக் கிழியும்.

மாட்டுவதற்கு முன்னால் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மீட்டருக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரி, மீட்டரிலிருந்து சென்சார் டெர்மினலுக்கு ஒரு வயர், சென்சாரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு ஒரு வயர், சென்சாரின் மூக்கைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். மரை வரைக்கும் முழுகட்டும், மேலே உள்ள டெர்மினல் நனையக் கூடாது. முள் நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். ஒரு விஷயம், இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, கொதிநிலை 97 டிகிரி. முதல் தடவை மீட்டர் மூன்று டிகிரி குறைவு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவே போய்விட்டேன். இன்னொன்று, பால் காய்ச்சும் பாத்திரத்தை எடுக்காதீர்கள். எனக்கு அன்று காபி கிடைக்கவில்லை.

மாட்டிவிட்டேன் சார், முள் அசையவே இல்லை.

சென்சார் வயரைக் கழற்றி ஒரு நொடி எர்த்தில் தொடுங்கள். முள் உச்சிக்குப் பாய்ந்தால் மீட்டரும் வயரும் சரி, கோளாறு சென்சாரில் அல்லது அதன் எர்த்தில். பாயவில்லை என்றால் மீட்டருக்குக் கரன்ட் வரவில்லை, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது. மாறாக, இக்னிஷன் போட்டதுமே முள் உச்சிக்குப் போகிறது என்றால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. எக்ஸாஸ்ட் பக்கம் பாருங்கள், உருகியிருக்கும்.

எப்போதும் 65 டிகிரிதான் காட்டுகிறது. சென்சார் தப்பா?

தண்ணீரில் சோதித்து சரியாக இருந்தது என்றால் சென்சார் தப்பில்லை, ஆயிலே அவ்வளவுதான் சூடாகிறது. நம் ஊர்க் குளிருக்கு ஆயில் கூலர் அதிகம். கூலர் முகத்தில் பாதியை ஒரு தகடோ அட்டையோ வைத்து மறைத்துப் பாருங்கள். நிரந்தரமாக வேண்டும் என்றால் ஆயில் தெர்மோஸ்டாட், ஆயில் 80-ஐத் தாண்டும் வரை பெரும்பகுதியைக் கூலருக்கு அனுப்பாது.

உங்கள் காரில் எவ்வளவு காட்டுகிறது?

கூலர் பாதி மறைத்த நிலையில், காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஹெப்பாள் வரை முள் எழுந்திருக்காது. யெலஹங்கா தாண்டும்போது 70. தேவனஹள்ளிக்கு முன்னால் 85-இல் நின்றுவிடும். நந்தி மலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் திருப்பம் திருப்பமாக ஏறும்போது 105, ஒரே ஒரு தடவை 110. இட்லிக்கு நிறுத்தும்போது ஐடிலில் பிரஷர் மீட்டரைப் பாருங்கள், கிளம்பும்போது 50 பிஎஸ்ஐக்கு மேல் நின்றது இப்போது 20-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருக்கும். முன்னாலெல்லாம் அதைப் பார்த்தால் வயிற்றில் புளி கரைக்கும், இப்போது பக்கத்து மீட்டர் 105 என்று சொல்வதால், சூட்டில் ஆயில் இளகியதுதான் காரணம் என்று தெரிந்து, இரண்டாவது பிளேட் இட்லிக்குச் சொல்லிவிடுகிறேன்.